மாட்டுக் கொலாஜன் தோல் வச்சிருக்காங்க, அதுக்குள்ள ரத்தம் எப்படி போகும்?

எண்ணெய்க்கடைப்பையன்:
தம்பிக்கு கொதிக்கிற எண்ணெய் கொட்டி முழங்கைல ஆழமான புண்ணு. வெந்ததெல்லாம் எடுத்துட்டு இன்டெக்ரான்னு ஒண்ணை வச்சு பின் அடிச்சிருக்காங்க, மாட்டுலேருந்து செய்றதாம், இன்னைக்கு 18ஆம் நாள். இனிமேதான் தொடையில தோல் எடுத்து மேல ஒட்டுவாங்களாம், ஏன் அன்னைக்கே ஒட்டல? நேத்து டிரெஸ்ஸிங் மாத்துறப்ப எட்டிப் பார்த்தேன், முதல்ல செக்கச்செவேல்னு இருந்தது இப்ப வெளிறி லேசா மஞ்சளடிக்குது. சீழ் கோத்துருச்சுன்னு அம்மா ஒரே அழுகை.

லேப்வாசி:
மாடு மட்டுமில்ல, சுறாவும் இருக்கு :) மாட்டுத் தசைநாண்ல எடுத்த கொலாஜன்ங்கிற நார்ப் புரதத்தோட சுறாக் குருத்தெலும்புச் சரக்கு கொஞ்சம் சேர்த்தது, மேல சிலிக்கோன் ஷீட். அமெரிக்காவுல 1996லயே அனுமதி வாங்கினது. உள்ள உயிருள்ள செல்லும் கிடையாது ரத்தக்குழாயும் கிடையாது, வெறும் ஸ்பாஞ்சு. தம்பியோட சொந்த சதையிலேருந்து குழாய் முளைச்சு அந்த ஓட்டைங்க வழியா மேல ஏறணும். முதல்ல ரத்தமும் நீரும் ஊறி நிக்கும், நீங்க பார்த்த சிவப்பு அதுதான். அப்புறம் புதுச் சதை நாரை நெய்யிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல் உள்ள வரும், குழாயும் கூடவே வரும். தொடைத்தோல் முதல் ரெண்டு நாள் கீழ கசியிற நீரைக் குடிச்சுத்தான் உசுரைப் பிடிச்சிருக்கும், அதுக்குள்ள அடியில இருக்கிற குழாயோட சேர்ந்தாகணும். அன்னைக்கே வச்சிருந்தா சேர்றதுக்கு அங்க என்ன இருந்திருக்கும்?

வார்டுஅக்கா:
அம்மாவை அழ வேணாம்னு சொல்லுங்க தம்பி. சிவப்பு, அப்புறம் ரோஸ், அப்புறம் வெண்ணிலா ஐஸ்கிரீம் மாதிரி மஞ்சள், அதுதான் சரியான வரிசை. ஷீட்டுக்கு அடியில கருப்பா ரத்தம் கட்டினாலோ, நீர் கோத்து தளதளன்னு தூக்கினாலோ, நாத்தம் அடிச்சாலோ உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. ரத்தக்கட்டி நிக்கிற இடத்துல ஸ்பாஞ்சு சதையைத் தொடவே தொடாது, குழாய் எங்கேருந்து ஏறும்? எங்க வார்டுல ஒரு பையன் போன் பார்க்க கையை மடக்கி மடக்கி ஒரு ஓரமே பிடிக்காம போச்சு, அங்க திரும்ப வச்சோம்.

எண்ணெய்க்கடைப்பையன்:
அப்பாடா. ஆனா ஒரே நாள்ல ரெண்டையும் வைக்கிறாங்கன்னு எங்கயோ படிச்சேனே? ஓட்டையை பெருசா போட்டா சீக்கிரம் ஏறாதா?

லேப்வாசி:
அது மேட்ரிடெர்ம்னு வேற ஒரு சரக்கு. மாட்டுக் கொலாஜனும், எலாஸ்டின்ங்கிற இழுபடுற புரதமும், சிலிக்கோன் இல்ல, 1 மி.மீ. தடிமன்ல வர்றதுக்கு மேலேயே அன்னைக்கே ஒட்டலாம். ஓட்டை விஷயம் அவ்வளவு சுலபமில்ல, ரொம்ப சின்னதுன்னா செல் நுழையாது, ரொம்ப பெருசுன்னா செல் ஒட்டிக்க சுவர் பத்தாது. இன்டெக்ராவை உருவாக்கின யானஸும் பர்க்கும் 20லேருந்து 125 மைக்ரான்ல (ஒரு மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு) நிறுத்தினாங்க. கொலாஜனை ரொம்ப இறுக்கிப் பின்னினாலும் குழாய் ஏற லேட்டாகும்.

வார்டுஅக்கா:
இதெல்லாம் இருக்கட்டும், தம்பி சிகரெட் பிடிப்பாரா?

எண்ணெய்க்கடைப்பையன்:
...பிடிப்பான்க்கா. நேத்துகூட படிக்கட்டுல கையும் களவுமா பிடிச்சேன்.

வார்டுஅக்கா:
நிக்கோடின் குழாயைச் சுருக்கிடும். பாக்கெட்டைப் பிடுங்குங்க முதல்ல.