மறுமொழி: ஜப்பானிய ‘ஸன்’ மரியாதை விகுதியா, முறையொட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய மொழியில் ‘தனகா-ஸன்’, ‘தனகா-ஸமா’ என்று ஒருவரின் பெயருக்குப் பின்னால் வரும் துண்டைத் (ஸன் பொதுவான மரியாதைக்கு, ஸமா கூடுதல் மரியாதைக்கு) தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ‘மரியாதை விகுதி’, ‘மதிப்பொட்டு’, ‘உயர்வுப் பின்னொட்டு’ என மூன்று விடைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஸன், ஸமா இரண்டை மட்டும் பார்த்தால் அவை பொருந்தும். குன், ச்சன் இரண்டும் அதே இடத்தில் வரும் ஒட்டுகள்தாம். குழந்தையையும் நெருங்கிய தோழியையும் ச்சன் சேர்த்து அழைக்கிறார்கள். மூத்தவர் இளையவரை, ஆசிரியர் மாணவனைக் குன் சேர்த்து அழைக்கிறார். இவற்றில் மரியாதை எங்கே இருக்கிறது?

(இடையில் ஒரு வேண்டுகோள். ஸன், ச்சன் இரண்டையும் ‘சான்’ என்றே எழுதும் வழக்கம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பரவியிருக்கிறது. மேலதிகாரிக்கு உரியதும் மழலைக்கு உரியதும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. கிரந்த எழுத்தைத் தவிர்க்கும் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் ஸகரம் இல்லாமல் பொருள் கெடுகிறது.)

குன் இளையவருக்கு மட்டுமே உரியது என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானிய நாடாளுமன்றத்தின் கீழவையில் அவைத்தலைவர் பிரதமர் உட்பட எல்லா உறுப்பினர்களையும் குன் சேர்த்தே அழைப்பது நெடுநாள் மரபு. 1993-இல் அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி தகாகோ தோய் அதை விடுத்து ஸன் என்று அழைத்தார். ஒரே மனிதர், ஒரே அவை, ஒரே நாற்காலி; அழைப்பவர் தமக்கும் அவருக்கும் இடையே எந்த உறவை வைக்கிறார் என்பது மட்டும் மாறியது. இந்த ஒட்டு காட்டுவது பெயருக்குரியவரின் தகுதியை அன்று, பேசுபவருக்கும் அவருக்கும் உள்ள முறையை.

இதற்கு இன்னும் வலுவான சான்று உண்டு. அலுவலகத்துக்குள் தம் மேலதிகாரியைத் தனகா-ஸன் என்றோ தனகா-புச்சோ (துறைத் தலைவர் தனகா) என்றோ அழைக்கும் ஒருவர், வெளி நிறுவனத்தாரிடம் அவரைப் பற்றிப் பேசும்போது வெறும் ‘தனகா’ என்றுதான் சொல்ல வேண்டும். மேலதிகாரி நம்மவர், கேட்பவர் வெளியார். நம்மவரை வெளியார் முன் உயர்த்துவது முறையாகாது. தம் பெயரோடு ஸன் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதே கணக்குத்தான். கொரிய மொழியில் அப்படி இல்லை. தம் நிறுவனத் தலைவரை யாரிடம் குறிப்பிட்டாலும் ‘நிம்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்துச் சொல்வதே அங்கே மரபு. நாமும் யாரிடம் பேசினாலும் ‘அப்பா வந்திருக்கிறார்’ என்றுதான் சொல்கிறோம். இந்த ஒன்றில் நாம் கொரியர் பக்கம்.

ஆகவே என் முன்மொழிவு ‘முறையொட்டு’. ‘அவர் உனக்கு என்ன முறை வேண்டும்?’ என்று கேட்கிறோம், ‘முறை வைத்துக் கூப்பிடு’ என்று குழந்தைக்குச் சொல்கிறோம். அந்த முறைதான் இது. ‘முறைப்பெயர்’ என்பது தாய், தந்தை போன்ற உறவுப் பெயர்களுக்கு ஏற்கெனவே இலக்கணத்தில் உள்ள சொல். அதோடு மோதாமலும் அதன் பக்கத்திலேயும் முறையொட்டு நிற்கும்.

விகுதி ஏன் வேண்டாம் என்றால், தமிழில் இதற்கு மிக நெருங்கிய உருபு ‘ஆர்’. தொல்காப்பியர் அதை இடையியலில் வைத்து, ‘இயற்பெயர் முன்னர் ஆரைக் கிளவி / பலர்க்குரி எழுத்தின் வினையொடு முடிமே’ என்கிறார். சேந்தன் வந்தான், ஆனால் சேந்தனார் என்றால் வந்தார் என்றே முடிக்க வேண்டும். ஸன் வினையை அப்படிக் கட்டுப்படுத்துவதில்லை. ‘தனகா-ஸன் கா கிதா’ (தனகா வந்தார்) என்று சாதாரண வினையோடு சொன்னால் இலக்கணப் பிழை இல்லை. உயர்த்திச் சொல்ல விரும்பினால் ‘இரஷ்ஷத்தா’ என்ற வேறு வினையைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். விகுதி என்று பெயர் வைத்தால் தமிழ் மாணவர் அங்கே இல்லாத இயைபைத் தேடுவார்.

சென்ஸெய் (ஆசிரியர்), புச்சோ (துறைத் தலைவர்) போன்றவற்றை இதே கூடையில் போடுவதையும் நான் எதிர்க்கிறேன். அவை பெயரின் துணையின்றித் தனியே நிற்கும், ‘சென்ஸெய்!’ என்று மட்டும் அழைக்கலாம், ‘ஸன்!’ என்று அழைக்க முடியாது. இவற்றுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘சிறப்பின் ஆகிய பெயர்நிலைக் கிளவிக்கும் / இயற்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்’ என்ற தொல்காப்பிய நூற்பாவை ஒட்டிச் ‘சிறப்புப்பெயர்’ என்றே சொல்லலாம். ஏனாதி நல்லுதடன் என்பதுபோல் பட்டம் முன்னும் பெயர் பின்னும் வருவது நம் பழைய விதி. ஜப்பானியத்தில் வரிசை நேர்மாறு: பெயர் முன், பதவி பின். இந்த வேறுபாட்டையும் அகராதிப் பதிவில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

ஒட்டு, வினை எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஜப்பானிய மரியாதைப் பேச்சு முறையான ‘கெய்கோ’வுக்கு ‘மரியாதை மொழி’ என்பதைவிட ‘உயர்சொல் வழக்கு’ பொருந்தும். ஒருவரைப் பன்மையில் சுட்டுவதைத் தொல்காப்பியரே ‘உயர்சொல் கிளவி’ என்கிறார். கெய்கோவில் தம்மைத் தாழ்த்திச் சொல்லும் வினைகளும் அடங்குமே என்று கேட்கலாம். தம்மைத் தாழ்த்துவது எதிரில் இருப்பவரை உயர்த்தத்தானே?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒட்டு எதுவும் சேர்க்காமல் அழைப்பதற்கு அவர்களிடம் ‘யோபிஸுதே’ என்று தனிச்சொல் உண்டு. அது மிக நெருக்கத்தையும் காட்டும், அவமதிப்பையும் காட்டும். இதற்கு ‘ஒட்டிலா விளி’ என்று முன்மொழிந்த நண்பரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்’ என்று நம் வீடுகளில் சொல்லும்போது அந்தக் குற்றச்சாட்டு முழுவதும் அதிலேயே இருக்கிறது. ‘பெயர்சொல்லி அழைத்தல்’ என்றே பதியலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.