காமா நைஃப்: 'ஒரே நாள்' பஞ்சாயத்து

பாளையத்தான்:
நேத்து வண்ணார்பேட்டை வாசி இங்க எழுதியிருக்காரு: "மூளைக்கு அடியில இருக்க பிட்யூட்டரிச் சுரப்பியில ஹார்மோன் சுரக்குற கட்டியா? மூக்கு வழியா ஆபரேஷன்லாம் பழைய காலம். மொதல்லயே காமா நைஃப் வச்சிட்டா ஒரே நாள்ல சோலி முடிஞ்சிது." எவன் வே சொன்னான் ஒரே நாள்னு? காமா நைஃப்னா கத்தி இல்ல, வெளியில இருந்து கட்டியக் குறிவச்சிப் பாய்ச்சுத கதிர். அதப் பாய்ச்சுததுதான் ஒரே நாள். ஹார்மோன் எறங்க மாசக்கணக்கு, பல பேருக்கு வருசக்கணக்கு ஆவும். என் மச்சினனுக்கு வளர்ச்சி ஹார்மோன் கட்டி. மோதிரம் வெரல்ல ஏறல, செருப்பு எட்டாம் நம்பர்ல இருந்து பத்துக்குப் போயிட்டு. நாங்க மாமியா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிட்டுன்னு சிரிச்சோம். மூக்கு வழியா எடுத்தாங்க, கொஞ்ச நாள்லயே ஹார்மோன் எறங்கிட்டு.

வண்ணார்பேட்டை வாசி:
அண்ணாச்சி, எழுதினதப் பூரா வாசிச்சீயளா? எங்க சித்தப்பாவுக்குக் காலையில மரத்துப்போக ஊசி போட்டு, நாலு ஸ்க்ரூ வச்சித் தலையில சட்டம் மாட்டுனாங்க. சாயங்காலம் இட்லி சாப்பிட்டாரு. மண்டையத் தொறக்கல, தையல் கெடையாது. இது ஒரே நாள் இல்லாம எத்தனை நாளு? ஸ்டாக்ஹோம்ல லார்ஸ் லெக்செல்னு ஒரு டாக்டர் 1951லயே இந்த மாதிரி கதிர் வைத்தியத்துக்கு 'ரேடியோசர்ஜரி'ன்னு பேரு வச்சிட்டாரு. நீங்க இன்னும் மூக்குலயே நிக்கீய.

தென்காசிச் சாரல்:
ஒரு சந்தேகம். வாசி எழுதின 'மொதல்லயே'ன்னா எல்லாருக்கும் மொத யோசனையாவா? இல்ல, ஆபரேஷன் தாங்காதவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே மொத வைத்தியமாவா? ரெண்டும் வேற வேற. அதப் பேசிட்டு மத்ததப் பேசுவோமே.

பாளையத்தான்:
ஸ்டாக்ஹோமாம்! ஜங்ஷன் தாண்டாத ஆளு. ஒரே நாள்னு எழுதினீரா இல்லையா? கதிர் கட்டிய அடுப்புல வச்ச மாதிரி பொசுக்காது வே. செல்லுக்குள்ள டிஎன்ஏவக் கெடுக்கும், அது பெருகாம மெதுவா அடங்கும். அதுக்குத்தான் இம்புட்டுக் காலம். குஷிங் நோய்க்காரன எடுத்துக்கிடும். பிட்யூட்டரிக் கட்டியால கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் ஏறிக் கெடக்கு, சக்கரை, பிபி, எலும்பு தேய்மானம், தொட்டதுக்கெல்லாம் கிருமி. அவன் கதிர வச்சிட்டு வருசக்கணக்கா உம்ம ஒரே நாளுக்குக் காத்துக் கெடக்கணுமா?

அம்பை அக்கா:
எனக்குப் புரோலாக்டின் கட்டி, பால் சுரக்க வைக்குற ஹார்மோன் அது. கத்தியும் இல்ல, கதிரும் இல்ல. கேபர்கோலின் மாத்திரை வாரத்துக்கு ரெண்டு நாள், அம்புட்டுதான். கட்டி சுருங்கிட்டு. நீங்க ரெண்டு பேரும் யார் மண்டைய யார் தொறக்கதுன்னு அடிச்சிக்கிடுங்க.

பாளையத்தான்:
அக்கா, அது வேற கட்டி, அதுக்கு மாத்திரைதான் மொதல். இங்க பேச்சு ஒரே நாள் பத்தி.

வண்ணார்பேட்டை வாசி:
கட்டி பிட்யூட்டரிக்குப் பக்கத்துல ரத்தக் குழாய் போற கேவர்னஸ் சைனஸுக்குள்ள பூந்து ரத்தக் குழாயச் சுத்திக் கெடந்தா ஒங்க மூக்கு ஆபரேஷன்ல முழுசா எடுப்பாங்களா? மூளைத் தண்ணி மூக்கு வழியா ஒழுகுறதும் உண்டு. அத ஏன் சொல்லல? சித்தப்பாவுக்கு நெஞ்சு பலவீனம், மயக்கமே குடுக்க முடியாதுன்னுட்டாங்க. காமா நைஃப்தான் வழி.

பாளையத்தான்:
பாத்தீயளா மக்கா! ஆபரேஷன் தாங்காத ஆளுன்னு இப்பத்தான் வாயத் தொறக்காரு. நேத்து ஊருக்கே பொதுவா எழுதினீரே வே. சரி, சித்தப்பாவுக்கு இப்ப ஹார்மோன் எப்படி? அதச் சொல்லும்.

வண்ணார்பேட்டை வாசி:
ஹார்மோன எறக்க மாசத்துக்கு ஒரு ஊசி போடுதாங்க. எறங்கிக்கிட்டு வருது.

பாளையத்தான்:
அப்ப ஒரே நாள்ல முடியல!

வண்ணார்பேட்டை வாசி:
வைத்தியம் ஒரே நாள்ல முடிஞ்சிது. ஊசி வேற கணக்கு.

பேட்டைக்காரன்:
பாளை அண்ணாச்சி, போன வருசம் கிட்னிக் கல்லுக்கு வாழத்தண்டு சாறே போதும்னு எழுதினது நீங்கதானே? அப்புறம் எங்க போய்ப் படுத்தீய?

பாளையத்தான்:
அத இங்க இழுக்காதீரு. அது அஞ்சு மில்லிமீட்டர் கல்லு, தானா விழுந்திருக்கும், எனக்குப் பொறுமை இல்ல. நீரு தங்கச்சி கல்யாணத்துக்கு அரைக் கிலோ அல்வாவ நூறு பேருக்குப் பங்கு வச்ச ஆளு, அளவு பத்திப் பேசலாமா?

பேட்டைக்காரன்:
அல்வா ரெண்டு கிலோ. வாங்கின சீட்டு இருக்கு.

தென்காசிச் சாரல்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

பாளையத்தான்:
இன்னொண்ணையும் கேளும் வே. கட்டி பார்வை நரம்புக்கு ஒட்டிக் கெடந்தா கதிர இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. நரம்பு தாங்குத அளவு 8லருந்து 10 கிரேதான்னு கணக்குப் போடுவாங்க, கிரேன்னா கதிர அளக்குற அளவு. ஹார்மோன் கட்டிக்கு அதுல ரெண்டு மடங்குக்கு மேல வேணும். நெருக்கத்துல எங்க பாய்ச்சுவாங்க? பொறவு, நல்லாருக்க பிட்யூட்டரியே பல வருசம் கழிச்சிப் படுத்துக்கிடும். தைராய்டுக்கு ஒரு மாத்திரை, கார்ட்டிசாலுக்கு ஒரு மாத்திரை. இதெல்லாம் உம்ம ஒரே நாள் கணக்குல வருமா?

வண்ணார்பேட்டை வாசி:
ஆபரேஷன்லயும் பிட்யூட்டரி படுக்கும். ஒங்க மச்சினன் தைராய்டு மாத்திரை முழுங்கலன்னு அவரயே வந்து எழுதச் சொல்லுங்க.

பாளையத்தான்:
மச்சினன இழுத்தா மரியாதை கெட்டுரும்.

வண்ணார்பேட்டை வாசி:
மொதல்ல இழுத்தது நீங்க. செருப்பு நம்பர் வரைக்கும் சொன்னீய.

அம்பை அக்கா:
அய்யய்ய, பாவம் அந்த மனுசன்.

பாளையத்தான்:
நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு. ஒரே நாள்னு எழுதினது தப்பா இல்லையா?

வண்ணார்பேட்டை வாசி:
காலையில ஏழு மணிக்குப் போனோம், சாயங்காலம் ஆறுக்கு வெளிய வந்தோம். ஒரே நாள்.

பாளையத்தான்:
சித்தப்பாவுக்கு ஊசிய நிப்பாட்டுத அன்னைக்கு வந்து சொல்லும். நான் இங்கதான் இருப்பேன்.

பேட்டைக்காரன்:
சீட்டப் படம் எடுத்துப் போட்டிருக்கேன். ரெண்டு கிலோன்னு தெளிவா இருக்கு, பாத்துக்கிடுங்க.