மண் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு உங்கள் புல்தரையில் என்ன நடந்தது?

பதிவு 1 (தொடங்கியவர்)

மூன்று வருடமாக மஞ்சள் புல். தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவுதான் என்று முடிவுகட்டி யூரியா போட்டேன். அது போதவில்லை என்று, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நிறைய உள்ள டி.ஏ.பி. உரமும் போட்டேன். போட்ட வாரம் வளரும், ஆனால் மஞ்சளாகவே வளரும். கடைசியில்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பி.எச். (மண்ணின் அமில-கார அளவு; 7க்கு மேல் காரம்) 8.1. மணிச்சத்து "மிக அதிகம்". இரும்பு "குறைவு". தழைச்சத்தில் சொல்லும்படி குறை எதுவும் இல்லை.

படித்தும் நம்பிக்கை வரவில்லை. ஒரு மூலையில் மீட்டருக்கு மீட்டர் கயிறு கட்டி, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, அந்தச் சதுரத்துக்குள் மட்டும் சாயங்காலம் தெளித்தேன். மூன்றாம் நாள் காலை மாடிக்குத் துணி காயப்போடப் போன மனைவி, "என்னங்க, கொஞ்சம் மேல வாங்க" என்று கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தரையின் மூலையில் கரும்பச்சையாக ஒரு சதுரம், கயிறு கட்டிய ஓரம் பிசகாமல்.

சந்தோஷம்தான். ஆனால் மனதில் நிற்பது வேறு. தளிர் இலை ஒன்றைப் பறித்துப் பார்த்தேன்: நரம்பெல்லாம் பச்சைக் கோடு, இடையில் மஞ்சள். தழைச்சத்துக் குறைவு என்றால் அடியில் இருக்கும் பழைய இலைதான் முதலில் வெளுக்கும். மூன்று வருடமும் இந்தக் கோடுகள் மேல்தான் நடந்திருக்கிறேன், ஒரு நாள்கூடக் குனிந்து பார்க்கவில்லை. மண்ணின் காரம் போதாததற்கு, நான் கொட்டிய மணிச்சத்தும் புல்லை இரும்பை எடுக்கவிடாமல் செய்திருக்கிறது.

உங்களுக்கு அறிக்கை வந்த பிறகு என்ன நடந்தது? எழுதுங்கள்.

பதிவு 2

எனக்குச் சுவர் ஓரம் மட்டும்தான் பிரச்சினை. இரண்டடி அகலத்துக்கு எது நட்டாலும் போய்விடும். நல்ல இடத்து மண், கெட்ட இடத்து மண் இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு அனுப்பினேன். நல்லது 6.8, கெட்டது 8.4. ஒரே வீடு, பத்தடி தூரம்கூட இல்லை.

பி.எச்.சில் ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படிப் பார்த்தால் 1.6 வித்தியாசம் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு. அதற்கு ஏதாவது காரணம் இருந்தாக வேண்டும் என்று கடப்பாரையை எடுத்தேன். ஒரு சாண் ஆழத்தில் "டங்" என்றது. பூச்சு வேலையில் மிஞ்சிய சிமெண்டுக் கலவையை அப்படியே கொட்டி, மேலே மண்ணைப் பரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளைக் கட்டி ஒன்றை உடைத்து வினிகர் ஊற்றினேன். நுரைத்துப் பொங்கிய சத்தம் காதில் கேட்டது.

இரண்டு நாள் தோண்டி எடுத்தோம். புது மண் நிரப்பி, பக்கத்துப் புல்லையே பிய்த்து நட்டோம். மறுபடி எந்த உரமும் தேவைப்படவில்லை. இரண்டு பையாகப் பிரிக்காமல் கலந்து அனுப்பியிருந்தால் 7 சொச்சம் என்று வந்திருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

பதிவு 3

முதல் பதிவுக்காரருக்கு: அந்தப் பச்சைச் சதுரம் இரண்டு வெட்டு தாங்காது. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது. தெளித்த இலையை வெட்டி எறிந்ததும் அடுத்து வருவது மஞ்சளாகத்தான் வரும். அதை மருந்து கிடைத்துவிட்டது என்கிற மாதிரி எழுதியிருப்பது சரியில்லை. கந்தகம் போட்டு, பி.எச்.சைக் குறைத்து மண்ணைத் திருத்துங்கள்.

என் கதை சின்னது. துத்தநாகம் ஏகத்துக்கு இருப்பதாக அறிக்கை வந்தது. மண்ணைக் கலந்த வாளி துத்தநாகப் பூச்சுப் பூசிய தகர வாளி. அவ்வளவுதான்.

அதனால் மாதிரி எடுப்பதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரே இடத்தில் கொத்தி எடுத்து அனுப்பாதீர்கள். தரை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் எடுங்கள். மேலே இருக்கும் புல், காய்ந்த சருகு, வேர்ப் பின்னலை விலக்கிவிட்டு வி வடிவத்தில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். பயிருக்கு 15 செ.மீ. ஆழம் என்பார்கள். புல்தரைக்கு வேர் அவ்வளவு போகாது, பத்து செ.மீ. போதும். ஆனால் எத்தனை ஆழம் எடுத்தீர்கள் என்பதைப் பையில் எழுதுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படியே. நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். உரம் போட்ட மறுவாரம் எடுக்கவே கூடாது, அப்போது உங்கள் உரம்தான் அறிக்கையில் வரும். அடுத்த முறையும் அதே பருவத்தில், அதே ஆழத்தில் எடுத்தால்தான் இரண்டையும் வைத்து ஒப்பிட முடியும்.

பதிவு 4

நான் எழுதுவது அளவு பற்றி. அறிக்கையில் ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து என்று போட்டிருந்தது. என் தரை 60 சதுர மீட்டர். அவசரத்தில் ஏக்கர் என்று படித்துவிட்டேன். ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், ஏக்கர் 4,047. முதல் எண்ணால் வகுக்காமல் இரண்டாவது எண்ணால் வகுத்ததில், 650 கிராம் யூரியா போட வேண்டிய இடத்தில் ஒரு கிலோ அறுநூறு போட்டேன். அதுவும் பனி ஈரம் காயாத காலையில், கையால் வீசி. உடனே தண்ணீரும் விடவில்லை.

நாலாம் நாள் தரையில் பழுப்பு நிறத்தில் அரை அரை வட்டங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, நான் நடந்துபோன வரிசையிலேயே. என் கை வீசிய வீச்சு ஒவ்வொன்றும் புல்லில் பதிந்து கிடந்தது. என் பையன் அதன் மேல் நின்று கையை வீசிக் காட்டி, "இப்படித்தானேப்பா போட்டீங்க?" என்று கேட்டான்.

ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்பதைப் பத்தால் வகுத்தால் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். 50 கிலோ என்றால் 5 கிராம். அது தழைச்சத்தின் எடை. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, அதனால் யூரியா கிட்டத்தட்ட 11 கிராம். இதை உரச் சாக்கின் மேலேயே பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

பதிவு 1 (தொடங்கியவர்)

மூன்றாம் பதிவுக்காரரே, மஞ்சள் திரும்ப வரும் என்றீர்கள், வந்துவிட்டது. இரண்டாவது வெட்டிலேயே. அதை எழுதாமல் விட்டது தப்புதான். ஆனால் கந்தக யோசனையை ஏற்க முடியாது. என் மண்ணிலும் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கிறது, அதாவது சுண்ணாம்பு இருக்கிறது. மண்ணில் சுண்ணாம்பு ஒரே ஒரு சதவீதம் இருந்தாலும், அதைத் தீர்க்க மேல் 15 செ.மீ.க்கே சதுர மீட்டருக்கு எழுநூறு கிராம் கந்தகம் வேண்டும். வளர்ந்து நிற்கும் புல்லின் மேல் ஒரே தடவையில் 25 கிராமே அதிகம். எத்தனை வருடம் போடுவது? மணிச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். வெட்டிய புல்லை அள்ளாமல் அங்கேயே விடுகிறேன். நிறம் வேண்டும் என்கிறபோது அன்னபேதி. சிமெண்டுத் தரையில் பட்டால் துருக்கறை போகாது, தெளிப்பவர்கள் கவனம்.

பதிவு 5

பி.எச். அதிகம் என்றாலே கந்தகம், ஜிப்சம் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஜிப்சம் பி.எச்.சுக்கான மருந்து இல்லை. சோடியம் அதிகமுள்ள களர் மண்ணுக்குத்தான் அது. அறிக்கையில் சோடியம் எவ்வளவு என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

என் தரையில் தண்ணீர் விட்டால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மாற்றீடாகும் சோடியம் (களித்துகளில் ஒட்டியிருக்கும் சத்துகளில் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்தைத் தாண்டினாலே களர். எனக்கு 22 வந்தது. அப்போதும் சந்தேகம். இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் ஒரே அளவு மண், ஒரே அளவு மழைநீர். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம். குலுக்கி ஜன்னலில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் ஜிப்சம் போட்ட பாட்டிலுக்குப் பின்னால் இருந்த கம்பி தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்று கலங்கல் கலங்கலாகவே இருந்தது, மறுநாளும்கூட. பிரிந்து மிதந்த களித்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் படிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜிப்சம் மூட்டையைத் தொட்டேன். தூவினால் மட்டும் போதாது. ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) இடம்பிடித்து வெளியே தள்ளிய சோடியத்தை நல்ல தண்ணீர் விட்டு வேருக்குக் கீழே இறக்க வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் அத்தனையும் வீண்.

பதிவு 6

எல்லோரும் அறிக்கையில் குறை இருந்த கதையைச் சொல்கிறீர்கள். எனக்கு வந்த அறிக்கையில் குறையே இல்லை. பி.எச். 6.7, எல்லாச் சத்தும் நடுத்தரத்துக்கு மேல். ஆனாலும் தரையைச் சுற்றி ஒரு தடம் முழுக்கப் புல் செத்துக் கிடந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, காலையும் மாலையும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்த தடம் அது. ஒரே சுற்று, ஒரே பக்கம். நான் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எதைச் சேர்ப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்பாதான் நடைச்சட்டத்தின் காலை அதில் ஊன்றிக் காட்டி, "இறங்குதா பாரு" என்றார். பேச்சு குழறும், ஆனால் அது தெளிவாக வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து குத்தினேன். பக்கத்தில் முழுசாக இறங்கியது, தடத்தில் ஒரு விரல் அளவோடு நின்றது. மண் இறுகியிருப்பதை ரசாயனப் பரிசோதனை சொல்லாது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துளை போடும் கருவி வாங்கினேன், பயன்படுத்தவில்லை. குழிகளில் அவர் தடுக்கிவிடுவார் என்று பயம். தடம் அப்படியே இருந்தது.

பதிவு 3

உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இப்போது அந்தத் தடம் எப்படி இருக்கிறது?

பதிவு 6

அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு பருவம் துளை போட்டு, மக்கு உரத்தைச் சலித்து அதில் நிரப்பினேன். விதை எதுவும் போடவில்லை, ஓரத்துப் புல்லே ஊர்ந்து வந்து மூடிவிட்டது. நீங்கள் கேட்டதும் போய் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தேன். பிடிவரை இறங்கியது. தடம் எங்கே திரும்பியது என்று தேடவேண்டியிருந்தது.