தனிமைச் சிறையிலிருந்து திரும்பிய தம்பிக்குத் தமிழ் பேசும் மனநல ஆலோசகர் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வெளிநாட்டுச் சிறையொன்றில் ஏழு மாதங்கள் தனியறையில் அடைக்கப்பட்டிருந்த என் தம்பி, சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி மூன்று வாரங்களாகின்றன. அறைக்கதவு திறந்தே கிடந்தாலும், யாராவது கூப்பிடும் வரை நிலைப்படியைத் தாண்டாமல் நிற்கிறான். இரவில் விளக்கை அணைத்தால் உடல் நடுங்குகிறது.

நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைப்பதைத் தனிமைச் சிறை என வரையறுத்து, அதைத் தொடர்ந்து 15 நாள்களுக்கு மேல் நீட்டக் கூடாதென்று 2015இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்ற, கைதிகளை நடத்தும் முறைக்கான மண்டேலா விதிகள் சொல்வதன் காரணம், அவனைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது.

பலதுறை மருந்தகத்துக்கு (அரசாங்க வெளிநோயாளர் மருத்துவ நிலையம்) வர மறுக்கிறான். கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறதாம். வீட்டுக்கே வந்து தமிழில் பொறுமையாகப் பேசக்கூடிய ஆலோசகரையோ தொண்டூழியரையோ அறிந்தவர்கள் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.