மறு: நுண்நெகிழியும் செடிகளும் – ‘நீக்கம்’ பொருந்துமா?

வணக்கம். தண்ணீரில் கலந்த நுண்நெகிழியை, அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்களை, செடிகளைக் கொண்டு அகற்றும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘தாவரவழி நெகிழி நீக்கம்’ என்று முடித்துவிடலாமே.

முடித்துவிடலாம் ஐயா, ஆனால் செடி எதையும் நீக்குவதில்லையே. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

2017 அக்டோபர் புயலில் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் துறைமுகத்தில் இரண்டு கொள்கலன்கள் தண்ணீரில் விழுந்து 49 டன் பிளாஸ்டிக் குருணை கொட்டிப்போனது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்குப் பொறுக்கப் போனேன். அலையாத்திக் காட்டில், சேற்றுக்கு மேலே குச்சிகுச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களின் இடுக்கில் ஜவ்வரிசி போல அப்பிக்கிடந்தது. கண் பெரிய சல்லடையில் அலசி அலசி எடுத்தோம். ஒவ்வொரு மணியும் 5 மில்லிமீட்டருக்குள்தான், அதனால் நுண்நெகிழிக் கணக்கில் வரும். பிடித்து வைத்தது வேர். நீக்கியது எங்கள் கை. நாங்கள் போகாவிட்டால் அடுத்த வெள்ளத்தில் மறுபடி கடலுக்கே போயிருக்கும்.

வெங்காயத்தாமரையும் அப்படித்தான். துகள் வேரில் ஒட்டும். செடியை வாரி எடுக்காமல் விட்டால் அழுகித் திரும்பத் தண்ணீரில் கலக்கும். (இங்கே அது வளர்க்கவே கூடாத களை என்பது தனிக்கதை.) கோதுமையிலும் லெட்டூஸிலும் பக்கவேர் வெடித்து வரும் கீறல் வழியாக மிக நுண்ணிய துகள்கள் உள்ளே ஏறுவதை 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதையும் ‘நீக்கம்’ என்றால், நம் தட்டுக்கு வந்து சேர்வதற்கு என்ன பெயர்?

ஆகவே வேர் செய்யும் வேலைக்கு ‘வேர்ப்பிடிப்பு’ என்கிறேன். ‘வேரரிப்பு’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அரித்தெடுப்பது என்ற பொருளில் சரிதான், ஆனால் வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் சொறியத் தொடங்கிவிட்டார்கள்.

வெண்டைக்காய், வெந்தயப் பசையால் துகள்களைத் திரட்டி அடியில் படியவைப்பது வேறு வேலை. அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பது தேற்றாங்கொட்டை. அந்தச் செய்கைக்குப் பெயர் தேற்றுதல். ‘தாவரத் தேற்றம்’ என்றால் பித்தாகரசின் கணிதத் தேற்றத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் ‘பசைத்தேற்றல்’. இரண்டுக்கும் பொதுப்பெயர் வேண்டுமென்றால் ‘தாவரவழிச் சீராக்கம்’ போதும்.

‘தேற்றல்’ என்றால் அழுகிறவருக்கு ஆறுதல் சொல்வதுபோல இருக்கிறது என்பார்கள். எனக்கு உறுத்தவில்லை. உங்களில் யாருக்காவது உறுத்தினால் எழுதுங்கள், வேறு பார்ப்போம்.