டிக்கெட்டில் ‘ரூல் அவுட் டெங்கு’ என்றால் டெங்கு இல்லையா?

உப்புவெளி_24:
ஆஸ்பத்திரி வார்ட் டிக்கெட்டில் (நோயாளியின் குறிப்பேட்டில்) ‘ரூல் அவுட் டெங்கு’ என்று எழுதினால் டெங்கு இல்லை என்றுதானே அர்த்தம்? அகராதியில் ‘இல்லையெனத் தள்ளு’ என்றிருக்கிறது. பிறகு ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்? ‘கவுண்ட் அவுட்’, ‘லீவ் அவுட்’ இரண்டும் இதேதானா?

கன்னியா:
அது ஏவல். ‘டெங்கு இல்லையென்று உறுதிசெய்’ என்று அடுத்தவருக்குக் கொடுத்த வேலை. அதாவது சந்தேகம் இன்னும் போகவில்லை. முடிவாகிவிட்டால் ‘டெங்கு ரூல்ட் அவுட்’ என்று எழுதுவார்கள். ஒரு ‘ட்’தான் கூட, பொருள் தலைகீழ். என்எஸ்1 என்ற டெங்கு ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்தாலும் அது மட்டும் டெங்குவை ரூல் அவுட் செய்யாது. காய்ச்சல் தொடங்கி ஐந்தாறு நாள் கழித்து எடுத்தால் நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டலாம்.

நிலாவெளி_டியூஷன்:
பிள்ளைகள் வழுக்குவது இரண்டு இடத்தில். ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான்: ‘ரூல் இட் அவுட்’ சரி, ‘ரூல் அவுட் இட்’ பிழை. பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். நீளமாக இருந்தால் பின்னால் போடுங்கள். அடுத்து வினை வந்தால் ‘இங்’ வேண்டும்: ‘ரூல் அவுட் கோயிங்’. ‘டு கோ’ கூடாது.

‘ரெயின் கான்ட் பி ரூல்ட் அவுட்’ என்பதை ‘மழை நிச்சயம்’ என்று எழுதுகிறார்கள். ‘மழை வராதென்று சொல்ல ஏலாது’, அவ்வளவுதான். ஆடியில் திருகோணமலைக்கு அது பொருந்தும். கார்த்திகை மாரியில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், மழைதான் கொட்டிக்கொண்டிருக்குமே!

குளக்கோட்டன்:
கிரிக்கெட்டில் கவனம். காயத்தால் ‘ரூல்ட் அவுட் ஆஃப் த மேட்ச்’ என்றால் அந்த ஆட்டத்தில் விளையாடமாட்டார். ‘த அம்பயர் ரூல்ட் ஹிம் அவுட்’ என்றால் நடுவர் ஆட்டமிழப்புக் கொடுத்தார். அங்கே ‘ரூல்’ தீர்ப்பு, ‘அவுட்’ தனிச்சொல்.

உப்புவெளி_24:
சரி, மற்ற இரண்டும்?

கன்னியா:
‘லீவ் அவுட்’ என்றால் சேர்க்காமல் விடுவது: பட்டியலில் ஒரு பெயர், கறியில் உப்பு. ‘கவுண்ட் மி அவுட்’ என்றால் ‘நான் வரேல்ல, என்னைக் கணக்கில சேர்க்காதேங்கோ’. ‘டோன்ட் கவுண்ட் ஹிம் அவுட்’ என்றால் ‘தோற்றுவிடுவான் என்று இப்பவே முடிவு கட்டாதேங்கோ’. டெங்குவுக்கு இவை இரண்டும் சரிவராது.