டீலர் எம்ப்ளமுக்குத் தமிழில் என்ன சொல்வது?

ந. எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். பழைய அமெரிக்கக் கார்களின் டீலர் எம்ப்ளங்களை இனங்காணும் கையேடு ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை பக்க அமைப்புக்குப் போகிறது. தலைப்பிலேயே இடிக்கிறது. ஃபோர்டு, செவ்ரலே என்று கம்பெனி வைக்கும் சின்னம் அன்று இது. வண்டியை விற்ற கடை தன் பெயரையும் ஊரையும் போட்டு டிக்கி மூடியில் மாட்டிவிடும் உலோகப் பெயர். 1950, 60களில் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே குரோமிய முலாம். பிற்பாடு பிளாஸ்டிக்கும் ஒட்டுப்படமும். இப்போதைக்கு 'முகவர் முத்திரை' என்று வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

செ.:
முகவர் தவறு. முகவர் அடுத்தவர் பொருளை அடுத்தவர் சார்பில் விற்பவர். அமெரிக்க டீலரோ ஆலையிடம் விலைக்கு வாங்கித் தன் சரக்காக விற்பவர். அந்த உரிமையில்தான் புது வண்டியில் துளை போட்டார். முத்திரையும் பொருந்தாது, அது அழுத்திப் பதிப்பது. 'விற்றோர் பொறி' என்க. வில், கயல், புலி மூன்றும் பொறிகள்தாமே? சேரன் இமயத்தில் பொறித்ததும் அதுதான். வடசொல்லான சின்னம் எதற்கு?

மு.:
செ. ஐயா, கார் பற்றிய நூலில் பொறி என்றால் வாசகர் பானட்டைத் திறப்பார். எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. தவிர, இமயத்தில் செதுக்கினார்கள். இங்கே வார்த்து மாட்டுகிறார்கள். முத்திரைக்கு நீங்கள் சொன்ன தடை பொறிக்கும் உண்டு. 'கடைவில்லை' எப்படி? டவாலிச் சேவகர் அணிந்த பித்தளை வில்லை எல்லாருக்கும் தெரியும்.

இரா.:
வில்லை அருமை. வில் என்ற பகுதியிலிருந்தே வந்திருக்கலாம்: விற்றதற்கு அடையாளமாகத் தரும் தகடு வில்லை. விலை, வில்லை, விற்பனை என்று ஒரே கொடியில் காய்த்தவை.

மு.:
ஆசைதான். தெலுங்கிலும் சேவகன் தகட்டுக்கும் மாத்திரைக்கும் இதே சொல், பகரத்தில் தொடங்கும். தட்டையான சிறு வட்டம் என்பதுதான் அடிப்படை. விற்றலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

செ.:
அப்படியானால் உங்கள் வாதமே உங்கள் சொல்லைக் கவிழ்க்கிறது. இவை முக்கால்வாசி கையெழுத்துப் போல நீண்டவை, வட்டம் எங்கே? பாடநூலில் வில்லை என்பது லென்ஸ். விளக்கு வில்லையும் கடைவில்லையும் ஒரே வண்டியில் வந்தால் மாணவன் பாடு திண்டாட்டம்.

க.:
பெயர் சூட்டுவதற்குள் உள்ளடக்கம் கெடாமல் பாருங்கள். ந. அனுப்பிய மாதிரிப் பக்கங்களில் குரோமியத்தில் தெரியும் புள்ளிக் குழிகளுக்குத் 'துரு' என்று இருக்கிறது. துரு இரும்புக்கு. இங்கே முலாமின் நுண்துளை வழியே ஈரம் இறங்கித் துத்தநாகத்தை அரிக்கிறது. முலாம் கொப்பளித்து, வெள்ளைப் பொடி கட்டி, உடைந்து குழியாகும். தேய்த்தால் போகாது. 'அம்மை' என்றே எழுதலாம், பார்த்தவுடன் புரியும்.

கழற்றும் பகுதியில், சின்னத்தின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிக்கு 'ஊசி' வேண்டாம், 'முளை' சரி. முளையை டிக்கி மூடியின் துளையில் செருகி, உட்புறம் மெல்லிய எஃகுத் தகட்டு நட்டைத் திருகுவார்கள். அது மென்மையான முளையில் தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும். முன்னாலிருந்து நெம்பினால் முளை முறியும். உள்ளிருந்து ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டுக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். முறிந்ததை வெல்டிங் பட்டறைக்குக் கொடுத்துவிடாதீர்கள், கலவை 400 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே உருகும். நுண்ணிய துளையிட்டுத் திருகு முளை பொருத்துவது, அல்லது எபாக்சிப் பசை, அவ்வளவுதான் வழி.

காலக்கணிப்பு வரியும் தவறு. மாநிலப் பெயர் பழைய சுருக்கத்தில் இருந்தால் 1963க்கு முந்தியது என்று அடித்துச் சொல்கிறது. அந்த ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை ஜிப் எண்ணோடு (நம் பின்கோடு போன்றது) ஈரெழுத்துச் சுருக்கங்களைக் கொண்டுவந்தது மெய். ஆனால் கடைக்காரர் பழைய அச்சையே ஓட்டியிருக்கலாம். கலிபோர்னியாவுக்கு ஈரெழுத்து இருந்தால் 63க்குப் பிந்தியதாகக் கொள்ளலாம். நியூயார்க்குக்கு முன்பிருந்தே இரண்டெழுத்துதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

போலி பற்றி ஒரு பத்தி சேருங்கள். கே எழுத்தைத் திருப்பிப் போட்ட சிகாகோ நிக்கி செவ்ரலே, பென்சில்வேனியாவின் யெங்கோ போன்ற பந்தயப் புகழ் பெற்ற கடைகளுக்கு மறுவார்ப்பு தாராளம். அசலிலிருந்து அச்செடுத்து உலோகத்தில் வார்த்தால் ஆறும்போது சற்றுச் சுருங்கும். முளைகளின் இடைவெளியை அசலோடு வெர்னியர் அளவுகோலில் ஒப்பிட்டால் பிடிபடும். எடையும் காட்டிக்கொடுக்கும்: ஒரே அளவில் துத்தநாகக் கலவை அலுமினியத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பிசின் நகல் கையில் எடுத்ததுமே தெரியும். அம்மை விழுந்த முகத்துக்குப் புத்தம் புது முதுகு இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இரா.:
நன்றி ஐயா. சின்னத்தை ஏற்றால் இணையாக இரண்டு கிடைக்கின்றன: கம்பெனியுடையது ஆலைச்சின்னம், டீலருடையது கடைச்சின்னம்.

செ.:
கடைக்கு இறுதி, இழிவு என்றும் பொருள். கடைநிலைச் சின்னம் என்று படித்தால்?

மு.:
இறுதி என்றே படிக்கட்டும். மாட்டுவதும் வண்டியின் கடைசியில்தானே!

செ.:
முன்பக்கத்து டாஷ்போர்டில் இருக்கும் டீலர் தகடுகளை என்ன செய்வீர்கள்? நகைச்சுவையில் இலக்கணம் நிற்காது.

ந.:
நாளை அனுப்பியாக வேண்டும். தலைப்பில் கடைச்சின்னம், முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் டீலர் எம்ப்ளம் என்ற விளக்கம். முளை, அம்மை இரண்டும் ஏற்றாயிற்று. துரு போயிற்று. ஒட்டுப்படத்தையும் கடைச்சின்னம் என்று சொல்வதா என்பதை இப்போது கிளற வேண்டாம்.

செ.:
பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை, உடன்பாடும் இல்லை. சொல்லடைவில் 'விற்றோர் பொறி: காண்க, கடைச்சின்னம்' என்று ஒரு வரிக்கு இடமிருக்குமா?

ந.:
வகர வரிசையில் ஒரு வரி காலி, ஐயா. சேர்த்துவிடுகிறேன்.